இயங்குவது வேறு, காப்பது வேறு: வீட்டு மின்சாரம் கற்றுத்தந்த பாடங்கள்

வீட்டுக்குள் நாம் புழங்கும் ஒவ்வொரு மின் கருவியிலும் வேலை செய்வதற்கான பாகங்கள் உண்டு. நம்மைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்ட பாகங்களும் உண்டு. வேலை செய்யும் பாகம் கெட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். விளக்கு எரியாது, மோட்டார் ஓடாது, வெந்நீர் வராது. உடனே ஆளைக் கூப்பிடுவோம். காக்கும் பாகம் கெட்டால் எதுவுமே தெரியாது. எர்த் கம்பி அறுந்துபோன வீட்டிலும் ஃபிரிட்ஜ் முன்பு போலவே குளிரும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபி உள்ளே இறுகிப்போன வீட்டிலும் மின்விசிறி முன்பு போலவே சுழலும். ஒருவருடைய கை படும் நொடியில்தான் அந்தக் குறை வெளியே வரும். கடலூரில் என் பெற்றோர் இருக்கும் வீட்டில் இதை நேரில் பார்த்ததிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கருவியையும் பத்திரமானது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

வீடு கட்டி முப்பது ஆண்டுகள் இருக்கும். கடற்காற்று படும் இடம். போர்வெல் தண்ணீரிலும் உப்பு. அம்மாதான் முதலில் சொன்னார்: “வாஷிங் மெஷின்ல துணி எடுக்கையில சுருக்குன்னு இழுக்குது தம்பி.” ஈரக் கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும் என்பது அப்பாவின் பதில். பல வீடுகளில் இந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு ரப்பர் பாயை எடுத்துப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே புழங்குகிறார்கள். கருவியின் உடலைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்றாலும் அது இயல்பானது அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மின்சாரம் போகக் கூடாத வழியில் போகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு கிடைக்காது.

அம்மாவிடம் விவரமாகக் கேட்டபோது, அந்தச் சுருக்கு காலையில் மட்டுமே வருகிறது, மதியம் துணி போட்டால் வருவதில்லை என்பது தெரிந்தது. வாஷிங் மெஷினில் குறை இருந்தால் அதற்கு மட்டும் நேரம் காலம் ஏன் இருக்க வேண்டும்? காலையில் வீட்டில் வேறு என்ன ஓடுகிறது என்று பார்த்தால், மாடிக் குளியலறையின் கீசர்.

அந்தப் பகுதியில் நெடுங்காலமாக வேலை பார்த்துவரும் மூத்த வயர்மேன் ஒருவரை அழைத்தோம். அவர் கையில் நியான் டெஸ்டரை எடுக்கவே இல்லை; தூண்டலால் வரும் அற்ப மின்னழுத்தத்துக்கும் அது மினுக்கும் என்பதால் அதை நம்பி முடிவெடுப்பதில்லை என்றார். முதலில் வாஷிங் மெஷினின் உடலுக்கும், மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். நூறு வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. அதையும் அவர் முழுதாக நம்பவில்லை. எர்த் இல்லாத கருவிகளில், உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்தாலே மீட்டர் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டிவிடுமாம். அதில் உண்மையான பலம் இருக்கிறதா என்று பார்க்க ஏதாவது சுமை கொடுக்க வேண்டும். பையிலிருந்து ஒயர் வைத்த ஹோல்டரில் மாட்டிய பழைய ஜீரோ வாட் பல்பை எடுத்தார். பெயர்தான் ஜீரோ, உண்மையில் அது 15 வாட் பல்பு, முழுதாக எரிய ஏறக்குறைய 65 மில்லி ஆம்பியர் வேண்டும். அதன் ஒரு முனையை மெஷினின் உடலிலும் மறுமுனையை நியூட்ரலிலும் வைத்ததும், இழை மங்கலான செம்மையில் எரிந்தது. மாடிக்குப் போய் கீசரை அணைக்கச் சொன்னார். பல்பும் அணைந்தது. (இந்தச் சோதனையை அனுபவமுள்ள வயர்மேன் மட்டுமே செய்ய வேண்டும், நாம் செய்து பார்க்கக் கூடாது.)

மாடியில் இருக்கும் கீசரின் மின்சாரம் கீழே இருக்கும் மெஷினுக்கு எப்படி வந்தது? வீட்டிலுள்ள எல்லா மூன்று பின் சாக்கெட்டுகளின் எர்த் கம்பிகளும் ஒரே இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கம்பியாக வெளியே எர்த் குழிக்குப் போகின்றன. குழிக்குப் போகும் அந்தக் கடைசிக் கம்பி அறுந்துவிட்டால், உள்ளே இருக்கும் எர்த் வலைப்பின்னல் நிலத்தோடு தொடர்பில்லாமல் அந்தரத்தில் நிற்கும். அப்போது ஒரு கருவியில் கசியும் மின்சாரம் அந்த வலை வழியாகவே ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, இரும்பு மேசை விளக்கு என எல்லாவற்றின் உடலுக்கும் போய்ச் சேரும். காப்பதற்காகப் போட்ட கம்பியே ஆபத்தை அறை அறையாகக் கொண்டு சேர்க்கிறது. ஃபிரிட்ஜைத் தொடும்போது அம்மாவுக்கு ஒன்றும் தெரியாததற்குக் காரணம் சமையலறைத் தரை உலர்ந்திருந்ததும் காலில் செருப்பு இருந்ததும்தான். மெஷின் பக்கத்தில் தரை எப்போதும் ஈரம்.

எர்த் குழியைத் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. முன்வாசலில் பேவர் கல் பதித்தபோது குழியின் மூடியை மறைத்துவிட்டிருந்தார்கள். கற்களைப் பெயர்த்துப் பார்த்தால், குழாய் இருந்தது. குழாயின் தலையில் இருந்த கிளாம்பும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியும் துருவாகி, கையால் தொட்டதும் பொடிந்து உதிர்ந்தன. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் பழைய வகைக் குழி அது. மண்ணின் தடையைக் குறைக்கும் அதே உப்புதான் இரும்பையும் தின்கிறது என்பதால், கடலோர ஊர்களில் அந்த இணைப்பு எவ்வளவு காலம் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இன்னொன்றையும் வயர்மேன் கவனித்துச் சொன்னார். முன்பு குளியலறைக் குழாய்கள் இரும்பாக இருந்தவரை, கீசரின் கசிவு ஓரளவு அந்தக் குழாய்கள் வழியே மண்ணுக்கு இறங்கியிருக்கும். துருப்பிடித்த குழாய்களை எடுத்துவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டபோது, யாரும் அறியாமல் இருந்த அந்த வழியும் அடைபட்டது. குழாய் மாற்றிய பிளம்பர் தன் வேலையைச் சரியாகவே செய்தார். ஒருவர் நல்லபடியாகச் செய்த மாற்றம் இன்னொன்றின் காவலைக் குலைக்கக்கூடும் என்பதால், வீட்டில் குழாய் வேலையோ தரை வேலையோ முடிந்ததும் எர்த்தைச் சோதிக்கச் சொல்வதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் அந்த வீட்டின் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தது. அது ஏன் விழவில்லை என்பதுதான் எனக்கு மிகப் பெரிய கேள்வியாக இருந்தது. வயர்மேன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினார். பட்டென்று விழுந்தது. கருவி நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் நினைக்கத் தொடங்கியபோது, “மாடிக்குப் போய்ப் பாருங்க தம்பி” என்றார். குளியலறையில் கீசரின் சிவப்பு இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் இன்வெர்ட்டர் மாட்டியதிலிருந்து அந்த ஆர்சிசிபி அடிக்கடி விழுந்திருக்கிறது. அப்போது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், காரணத்தைத் தேடாமல், தொல்லை தந்த சர்க்யூட்டுகளைப் பிரித்து ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்தே நேராக இணைப்புக் கொடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்சிசிபி ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே வளையத்தினூடாகப் போகின்றன, வித்தியாசம் வந்தால் நெம்புகோல் விழும். இன்வெர்ட்டர் இணைக்கும்போது ஃபேஸை மட்டும் பிரித்துக்கொண்டு நியூட்ரலைப் பழையபடி மற்றவற்றோடு பொதுவாக விட்டுவிட்டால், ஒரு வழியில் போன மின்னோட்டம் வேறு வழியில் திரும்பும். கசிவே இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி அதைக் கசிவாகவே எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, விசிறிகளின் நியூட்ரலைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பதே சரியான தீர்வு. அது அரை நாள் வேலை. பைபாஸ் செய்வது பத்து நிமிட வேலை.

எம்சிபி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நானும் இதற்கு விடை காணக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எம்சிபி ஒயரைக் காப்பதற்கு; ஓவர்லோடு வந்தாலோ ஷார்ட் ஆனாலோ விழும். ஒரு வீட்டின் எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் குழிக்கு அது மோசமான அளவு அல்ல. 230 வோல்ட் ஃபேஸ் நேராகக் கீசரின் உடலைத் தொட்டால்கூட அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் மண்ணுக்குள் இறங்கும். 32 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. 16 ஆம்பியர் எம்சிபிகூட அந்த அளவுக்கு நெடுநேரம் அசையாமல் நிற்கலாம். அதுவரை கருவியின் உடலில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆர்சிசிபி இருந்தால் எர்த் தடை 500 ஓமாகக் கெட்டுப்போயிருந்தாலும் கசிவு 400 மில்லி ஆம்பியரைத் தாண்டும். நொடியில் ஒரு சிறு பங்குக்குள் அது துண்டித்துவிடும். ஆகவே எர்த்தும் ஆர்சிசிபியும் சேர்ந்து இருக்க வேண்டும். எர்த் இருந்தால் குறை தோன்றிய உடனேயே, யாரும் தொடுவதற்கு முன்பே, ஆர்சிசிபி விழும். எர்த் இல்லாவிட்டால் அது விழுவதற்கு யாராவது ஒருவர் தொட வேண்டியிருக்கும்.

கசிவை இவ்வளவு சிறிய அளவிலேயே துண்டிப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்தவர்களின் கையில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, எந்த அளவுக்கு மேல் போனால் பிடித்த கம்பியை மனிதர் விட முடியாமல் தசை இறுகிவிடுகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். 1961-இல் அவர் வடிவமைத்த கசிவுத் துண்டிப்பான் 5 மில்லி ஆம்பியரிலேயே விழும்படி இருந்தது. அமெரிக்காவில் இன்றும் ஏறக்குறைய அதே அளவுதான். நம் நாட்டில் மனித உயிரைக் காப்பதற்குப் பயன்படுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 15-க்குக் கீழே விழக் கூடாது, 30-ஐ எட்டினால் கட்டாயம் விழ வேண்டும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் என்றும் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுப்பதற்கானவை. விலை குறைவு என்று யாராவது அதைக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். இந்தியாவில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறந்திருப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அதில் வீட்டுக்குள் நிகழ்ந்தவற்றில் எத்தனையோ உயிர்களை, இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின் விலையுள்ள இந்தக் கருவி காத்திருக்கும் என்ற நினைப்பு எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

கீசரைக் கழற்றிப் பார்த்தபோது கசிவின் காரணமும் தெரிந்தது. தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டில், நடுவே சுருள் கம்பியும் வெளியே உலோக உறையும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் மக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் உறையின் மேல் சுண்ணாம்புப் படிவு ஏறியபோது, உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற முடியாமல் உறை வெடித்து, தூளுக்குள் ஈரம் இறங்கியிருந்தது. அந்த நிலையிலும் அது தண்ணீரைச் சூடாக்கியது. அப்பா குளித்துக்கொண்டுதான் இருந்தார். அதன் பிரஷர் ரிலீஸ் வால்வின் வாயை யாரோ எம்சீல் வைத்து அடைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் கூடும். ஒருவழி வால்வு இருக்கும் கீசரில் அந்தக் கூடுதல் தண்ணீர் வெளியேற வேண்டிய இடம் அதுதான். சூடாகும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது பழுது அல்ல. ஒழுகுகிறது என்று அதை அடைத்துவிட்டு, ஒரு நாள் தெர்மோஸ்டாட்டும் அதற்கு மேலுள்ள வெப்பத் துண்டிப்பானும் சேர்ந்து வேலை செய்யாமல் போனால், அந்தத் தொட்டி வெடிகுண்டுதான்.

செய்த பழுதுபார்ப்பு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய எர்த் குழி போட்டு, திறந்து பார்க்கும்படி மூடி வைத்தோம். இன்வெர்ட்டரின் நியூட்ரலைப் பிரித்தோம். ஒன்று விழுந்தால் வீடு முழுக்க இருளாகிவிடக் கூடாது என்பதற்காக ஆர்சிசிபியை இரண்டாகப் போட்டோம். இன்வெர்ட்டர் ஏசியும் வாஷிங் மெஷினும் இருக்கும் பக்கத்துக்கு டைப் ஏ வகை, ஏனென்றால் அத்தகைய கருவிகளின் கசிவில் டிசி துடிப்புகளும் கலந்திருக்கும், சாதாரண ‘டைப் ஏசி’ வகை ஆர்சிசிபி அதைச் சரியாக உணராமல் போகலாம். கீசருக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் டிபி சுவிட்ச் வைத்தோம். ஃபேஸும் நியூட்ரலும் எங்காவது மாறியிருந்தால், ஒற்றைத் துருவச் சுவிட்சை அணைத்தாலும் எலிமெண்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும் என்பதுதான் காரணம்.

அதற்குப் பின் வைத்துக்கொண்ட வழக்கம் இது. மாதத்தில் ஒரு நாள் இரண்டு ஆர்சிசிபிகளின் டெஸ்ட் பட்டன்களையும் அழுத்துகிறோம். அழுத்தாமலே விட்டால் உள்ளே இருக்கும் நுண்ணிய இயக்கம் தூசியாலும் உப்புக்காற்றாலும் இறுகிக்கொள்ளும். அழுத்துவதே அதை இளக்கி வைக்கும். விழுந்ததோடு நிற்பதில்லை. அப்பா போர்டருகே நிற்க, அம்மா ஒவ்வொரு அறையாகப் போய் எதுவாவது இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கிறார். இன்வெர்ட்டரில் ஓடுபவற்றைத் தவிர எதுவும் ஓடக் கூடாது. டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது கருவிக்குள்ளேயே ஒரு மின்தடை (ரெசிஸ்டர்) வழியாகச் செயற்கையான வித்தியாசத்தை உண்டாக்குகிறது. குழியே இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும். எர்த்தைத் தனியாக எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும்; எங்கள் வீட்டில் கோடையில், மண் காய்ந்து தடை மிக அதிகமாக இருக்கும் வேளையில், ஆண்டுக்கு ஒரு முறை அளந்து, அந்த எண்ணை மெயின் போர்டின் கதவுக்கு உட்பக்கம் எழுதி வைக்கிறார்கள்.

ஆர்சிசிபி தானாக விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு, ஆர்சிசிபியை ஏற்றி, எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் குறை. எல்லா எம்சிபிகளும் இறங்கியிருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், ஒற்றைத் துருவ எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பார்த்து, அப்போதும் விழுந்தால் வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். ஆர்சிசிபி எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. ஒரு கையில் ஃபேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தால், போன மின்னோட்டம் அப்படியே திரும்பிவிடுவதால் அதற்கு வித்தியாசமே தெரியாது.

பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டும்போது அந்த ஏற்பாடு முழுக்க வீணாகிறது. சாலையோரக் கடையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை நான் திறந்து பார்த்தபோது, முகப்பில் மூன்று ஓட்டைகள், உள்ளே இரண்டே ஒயர்கள். வெளிப்பார்வைக்கு அதை நல்லதிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. வாங்கும்போது ஒயரின் வெட்டுமுனையைப் பாருங்கள், பிளக்கைத் திருகிக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

சமையலறைக்கும் இதே கண்தான் வேண்டும். கேஸ் டியூபில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படித்து, காலாவதி ஆவதற்கு முன்பே மாற்றுங்கள். கம்பிவலை பொதிந்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்குப் பொதுவாக 5 ஆண்டுகள். குக்கரின் சேஃப்டி வால்வுக்கு அந்தக் குக்கரின் கம்பெனி வால்வை மட்டுமே போடுங்கள். குறித்த வெப்பத்தில் உருகி வழிவிட வேண்டிய உலோகத்தைப் போலி வால்வில் எதிர்பார்க்க முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் போர்டைத் தொட முடியாது என்று பலர் சொல்கிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் குழாயையும் வெளிச்சத்தையும் பார்ப்பது போல், மெயின் போர்டைத் திறந்து டெஸ்ட் பட்டனுள்ள கருவி இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டுக்காரர் முன்னிலையிலேயே அழுத்திக் காட்டச் சொல்லலாம். இல்லை என்றால், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள். சென்னையில் என் நண்பர் அப்படித்தான் கேட்டு, பாதித் தொகையை வாடகையில் கழித்துக்கொண்டார். வீட்டுக்காரர் சம்மதிக்கவே இல்லை என்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டுமாவது சிறு பெட்டியில் தனி ஆர்சிசிபி போட்டுக்கொள்ளலாம். வீடு மாறும்போது அதைக் கழற்றி எடுத்துப் போய்விடலாம்.